எச்சிலிலும் ஈறு இடுக்கு நீரிலும் நொதியை அளந்து ஈறு நோயைக் கண்காணிப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் பல் கிளினிக்கோடு ஒட்டிய ஒரு சின்ன லேபில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். காசிமேட்டு மீன் வேலைக்காரர்கள், துறைமுக லோடுமேன்கள், கண்டெய்னர் லாரி டிரைவர்கள் என்று பலரிடம் சாம்பிள் எடுத்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மெஷினைப் பார்த்தால்தான் பயம். ஆனால் எண் பெரும்பாலும் கெட்டுப்போவது அதற்கு முன்பே, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சாம்பிள் எடுப்பதைப் பற்றியே இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈறு நோய் இருக்கிறதா என்று முடிவு செய்ய புரோப் (பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே விட்டு ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி), எக்ஸ்ரே, பல் மருத்துவரின் கண் மூன்றும் வேண்டும். ஏற்கெனவே நோய் என்று தெரிந்த ஒருவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா, அழற்சி அடங்குகிறதா என்று பின்தொடரத்தான் நொதி அளவு. பாக்கெட் ஆழம், அதாவது ஈறு பல்லை விட்டுப் பிரிந்து உண்டான பையின் ஆழம், இதுவரை நடந்த சேதத்தைச் சொல்லும். நொதி இப்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று ஆகாது.

1. எந்த நொதி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டியூப், பஃபர் (சாம்பிளை ஊறவைக்கும் கரைசல்), ஃப்ரீசர் எல்லாமே நொதியைப் பொறுத்து மாறும். அதனால் இதுதான் முதல் படி. சாம்பிளை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் யோசித்தால் பாதி சாம்பிள் வீணாகும்.

அல்கலைன் பாஸ்பட்டேஸ்: வெள்ளணுக்கள், எலும்பு உருவாக்கும் செல்கள், இணைப்புத் திசுச் செல்கள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. பற்படலத்தில் (பல்லில் ஒட்டும் படிவு) உள்ள பாக்டீரியாவிடமும் கொஞ்சம் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கான கிட் எந்த லேபிலும் கிடைக்கும்; வினை நடந்தால் மஞ்சள் நிறம் கண்ணுக்கே தெரியும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் தொடங்குவதே நல்லது. இந்த வழிகாட்டியும் இதை வைத்துத்தான்.

ஏஎஸ்டி, எல்டிஹெச்: செல் செத்தால் உள்ளேயிருந்து வெளியே கொட்டும் நொதிகள் இவை. திசு அழிவை நேராகக் காட்டும். ஆனால் இரண்டும் சிவப்பணுவுக்குள்ளும் நிறைய இருப்பதால் துளி ரத்தம் கலந்தாலும் எண் ஏறிவிடும். எல்டிஹெச்சுக்கு இன்னொரு சிக்கல்: அதன் சில வகைகள் ஃப்ரீசர் குளிரில் செயலிழக்கும். அன்றே அளக்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.

எம்எம்பி-8: ஈற்றின் கொலாஜனை வெட்டும் நொதி. இதற்கு வரும் எலைசா கிட்கள் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து அளப்பவை) பெரும்பாலும் நொதிப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கின்றன. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டோடு வரும் தாளைப் படித்து, எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

2. எச்சிலா, இடுக்கு நீரா

எச்சில் முழு வாயின் சராசரி. எடுப்பது சுலபம், அளவும் தாராளம். முகாம்களுக்கு இதுவே சரி.

ஈறு இடுக்கு நீர் என்பது பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே உள்ள இடுக்கில் கசியும் திரவம். ஒரு குறிப்பிட்ட பல்லின் குறிப்பிட்ட ஓரத்தைப் பற்றிப் பேசும். ஆரோக்கியமான இடத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். கை பழக வேண்டும், நேரமும் பிடிக்கும்.

முப்பது பல் நன்றாக இருந்து இரண்டு பல் மட்டும் மோசமாக இருந்தால் எச்சிலில் அது கரைந்து மறைந்துவிடும். வாய் முழுக்க நோய் பரவியவருக்கு எச்சில் போதும். சில இடங்களில் மட்டும் ஆழமான பாக்கெட் இருப்பவருக்கு இடுக்கு நீர்தான் வேண்டும். முடிந்தால் இரண்டும் எடுங்கள்.

3. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

எச்சிலுக்கு: எடை போட்டு எண் எழுதிய, மூடியுள்ள பிளாஸ்டிக் டியூப்கள், ஒரு சின்ன புனல், ஐஸ் பெட்டி.

இடுக்கு நீருக்கு: இதற்கென்றே விற்கும் காகிதப் பட்டைகள், அல்லது வாட்மேன் 1 வடிகாகிதத்தில் ஒரே அளவில் வெட்டிய பட்டைகள். பவுடர் இல்லாத கையுறை, நுனி மழுங்கிய ஃபோர்செப்ஸ், பஞ்சு ரோல், எப்பண்டார்ஃப் டியூப். பட்டையைக் கையால் தொடவே வேண்டாம். விரல் ஈரம்கூட இந்த அளவில் பெரிய ஈரம்.

திரவ அளவைக் கண்டுபிடிக்க பெரியோட்ரான் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பட்டையை மூடிய டியூபோடு முன்னும் பின்னும் எடை போட வேண்டும். அதற்கு 0.01 மில்லிகிராம் காட்டும் தராசு தேவை. 0.2 மைக்ரோலிட்டர் என்றால் ஏறக்குறைய 0.2 மில்லிகிராம். சாதாரண லேப் தராசின் கடைசி எண்ணே 0.1 மில்லிகிராம்தான். அதை வைத்து அளந்தால் கிடைப்பது ஊகம்.

பஃபர் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். லேபில் எப்போதும் கையருகே இருப்பது பாஸ்பேட் சலைன். பாஸ்பேட் அல்கலைன் பாஸ்பட்டேஸைத் தடுக்கும். அதில் ஊறவைத்தால் எண் குறைந்தே வரும். சாதாரண 0.9 சதவீத சலைனோ டிரிஸ் பஃபரோ பயன்படுத்துங்கள். ஊதா மூடி போட்ட இடிடிஏ டியூபும் கூடாது. இந்த நொதிக்குத் துத்தநாகமும் மெக்னீசியமும் உயிர்நாடி, இடிடிஏ இரண்டையும் பிடித்துக்கொள்ளும். எலாஸ்டேஸ், எம்எம்பி மாதிரி புரதம் வெட்டும் நொதியின் வேலையை அளக்கப் போகிறவர்கள் ‘சாம்பிள் கெடாமல் இருக்கட்டும்’ என்று புரோட்டியேஸ் தடுப்பானைச் சேர்க்கக் கூடாது. அளக்க வந்ததையே கொன்றுவிடுவீர்கள்.

ஆராய்ச்சிக்காக எடுக்கிறீர்கள் என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலும் முதல் சாம்பிளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில், படித்துக் காட்டினால் புரியும் தமிழில் எழுதுங்கள்.

4. முந்தைய நாளே நோயாளியிடம் பேசுங்கள்

வந்த பிறகு ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டுப் பயனில்லை. முந்தைய நாளே போன் செய்து இதைச் சொல்லிவிடுங்கள்: வருவதற்கு முன் இரண்டு மணி நேரம் சாப்பாடு, டீ, பல் துலக்குதல், பீடி, சிகரெட், வெற்றிலை, மாவா (பாக்கோடு புகையிலை கலந்தது) எதுவும் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். மவுத்வாஷ் பழக்கம் இருந்தால் முந்தைய நாளிலிருந்தே நிறுத்த வேண்டும்.

மாவாவைப் பெயர் சொல்லியே கேளுங்கள். ‘புகையிலை போடுவீர்களா’ என்றால் எங்கள் பகுதியில் பலர் இல்லை என்பார்கள். ‘மாவா?’ என்றால் சிரித்துவிட்டு உண்டு என்பார்கள். பொய் சொல்வது அவர்கள் நோக்கமில்லை. அவர்கள் கணக்கில் புகையிலை வேறு, மாவா வேறு. புகைபிடிப்பவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ள வலுவான காரணம் உண்டு. அவர்களுக்கு ஈற்றில் ரத்தக் கசிவும் இடுக்கு நீரும் குறைவாகவே இருக்கும். நோய் உள்ளே முற்றியிருந்தும் வெளியே அமைதியாகத் தெரியும்.

எல்லாப் புத்தகமும் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் எடுக்கச் சொல்லும். எச்சில் சுரப்பு ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவதால் சொல்கிறார்கள். ஆனால் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கே வேலைக்குப் போய், காலை ஒன்பதுக்குத் திரும்புகிறவருக்கு அது காலையா, சாயங்காலமா? நான் கடைப்பிடிப்பது இதுதான்: ஒவ்வொருவருக்கும் அவர் தூங்கி எழுந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எழுதி வைத்து, அடுத்த முறையும் அதே இடைவெளியில் வரச் சொல்வது.

கடைசி மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா, சர்க்கரை நோய் உண்டா, இருந்தால் கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) எவ்வளவு, கர்ப்பமா, பல்லுக்கு கிளிப் போட்டிருக்கிறாரா, சமீபத்தில் பல் பிடுங்கினாரா, வாயில் புண் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியிலிருந்தும், வளரும் பிள்ளைகளுக்கு எலும்பிலிருந்தும் இந்த நொதி ரத்தத்தில் கூடும். கிளிப் போட்டுப் பல் நகரும்போது எலும்பு மாறுவதால் இடுக்கு நீரிலும் கூடும். டாக்சிசைக்ளின் 20 மில்லிகிராம் வேளைக்கு ஒன்றாக இரண்டு வேளை சாப்பிடுபவருக்கு எம்எம்பி அளவைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அந்த மருந்தின் வேலையே அதைத் தடுப்பதுதான்.

5. நாற்காலியில்: இந்த வரிசை மாறக் கூடாது

எச்சில். பஞ்சு வைத்து உலர்த்துதல். பற்படலம் அகற்றுதல். காகிதப் பட்டை. கடைசியில் புரோப். இதை ஒரு தாளில் எழுதி நாற்காலிக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறோம்.

புரோப்பை முதலில் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. எந்த இடம் ஆழம் என்று தெரிந்தால்தானே பட்டையை வைக்க முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அழற்சி உள்ள ஈற்றில் புரோப் பட்டதும் ரத்தம் வரும். ரத்தத்தில் இந்த நொதி உண்டு. அதற்குப் பிறகு எடுப்பது ரத்தப் பரிசோதனை ஆகிவிடும். அதனால் முதல் வருகையில் புரோப் செய்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி சாம்பிள் எடுங்கள். ஒருவருக்கு நான்கைந்து ஆழமான இடம், கூடவே ஒரு நல்ல இடம். ‘16-ஆம் பல், கன்னப் பக்கம், முன் ஓரம்’ என்கிற அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள். அடுத்த முறை வேறொருவர் எடுத்தாலும் அதே இடத்துக்குப் போக வேண்டும்.

எச்சில்: தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லிப் பத்து நிமிடம் காத்திருங்கள். உடனே எடுத்தால் நீர்த்துப்போன எச்சில்தான் வரும். பிறகு ஒரு முறை விழுங்கச் சொல்லி, தலையைக் குனிந்து, வாயை லேசாகத் திறந்து, கீழ் உதட்டிலிருந்து புனலுக்குள் தானாக வழிய விட வேண்டும். ஐந்து நிமிடம், கடிகாரம் பார்த்து.

மீன் வெட்டும் அக்கா ஒருவர் மூன்று நிமிடம் ஆகியும் டியூபில் ஒன்றுமில்லாமல் நிமிர்ந்து பார்த்தார். “இன்னா டாக்டரு, துப்பச் சொல்லிட்ட, எச்சிலே வரலியே.”

“துப்ப வேணாம்க்கா. குனிஞ்சு சும்மா உக்காருங்க, தானா வழியும். காலைல இருந்து தண்ணி குடிச்சீங்களா?”

“ரெண்டு மணிக்குப் போனது. எங்க குடிக்கிறது?”

அன்று அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி எடுத்தோம். உடம்பில் நீர் குறைந்தால் எச்சில் குறையும், இருக்கிற எச்சிலில் எல்லாமே அடர்த்தியாகும். நொதி கூடியதுபோலக் காட்டும், ஈற்றில் எதுவும் மாறியிருக்காது. அதனால்தான் முந்தைய நாள் போனில் ‘தண்ணீர் குடிக்கலாம்’ என்பதை இப்போது ‘தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்’ என்று மாற்றிச் சொல்கிறேன்.

காறித் துப்பினால் தொண்டைச் சளி சேரும். கடினமாக உறிஞ்சித் துப்பினால் ஈற்றிலிருந்து ரத்தம் சேரும். எதையாவது மெல்லக் கொடுத்தால் சுரப்பு கூடி நீர்த்துப்போகும். மூன்றும் வேண்டாம். எடுத்த எச்சிலின் அளவைக் கோடு பார்த்துச் சொல்லாதீர்கள், நுரை ஏமாற்றும். டியூபோடு எடை போட்டு, ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் 2 கிராம் என்றால் நிமிடத்துக்கு 0.4 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 0.1-க்கும் கீழே போனால் அது வாய் வறட்சி. அந்தச் சாம்பிளைத் தனியாகக் குறித்து, மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

உலர்த்துதல்: பல்லைச் சுற்றிப் பஞ்சு ரோல் வைத்து எச்சில் வராமல் தடுங்கள். காற்றை ஈற்று விளிம்புக்கு இணையாக, மெதுவாக, சில விநாடி மட்டும் அடியுங்கள். பாக்கெட்டுக்கு நேரே அடித்தால் எடுக்க வந்த நீரே வெளியே தெறித்துவிடும்.

பற்படலம்: ஈற்றுக்கு மேலே தெரிவதை மட்டும், விளிம்பைத் தொடாமல் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பட்டை அதை உறிஞ்சும், பாக்டீரியாவின் நொதியும் கணக்கில் சேரும். எடுத்த பிறகு மறுபடி ஒரு முறை உலர்த்துங்கள்.

பட்டை: லேசான தடை தெரியும்வரை மெதுவாக உள்ளே விட்டு, 30 விநாடி. அழுத்தக் கூடாது. வெளியே எடுத்ததும் விளக்கின் கீழே, வெள்ளைத் துணிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு இளஞ்சிவப்பு தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். இங்கேதான் மனசு கேட்காது. பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, “அண்ணே, லேசாத்தானே இருக்கு, கழுவினா போயிடும்” என்றான். கழுவினால் நொதியும் சேர்ந்து போய்விடும். அந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து இடத்துக்குப் போக வைத்தேன். அதே இடத்தில் உடனே இரண்டாவது பட்டை வைப்பதும் சரியில்லை. உறிஞ்ச உறிஞ்ச உள்ளேயிருந்து ரத்த நீர் அதிகமாகக் கசியும், முதல் பட்டையில் வந்ததும் இரண்டாவதில் வருவதும் ஒரே திரவம் ஆகாது.

நல்ல பட்டையை உடனே டியூபில் போட்டு மூடுங்கள். இந்த அளவு ஈரம் ஃபேன் காற்றில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். சாம்பிள் எடுக்கும்போது ஃபேனையும் நிறுத்திவிடுவது நல்லது. சென்னை வெயிலில் கஷ்டம்தான், ஆனால் ஒரு பட்டைக்கு ஒரு நிமிடம்தானே.

6. குளிர்விப்பது, கொண்டுபோவது, வைத்திருப்பது

எடுத்த நொடியிலிருந்து ஐஸில். எச்சிலில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. வெப்பத்தில் அது பெருகி நொதியைக் கூட்டவும் செய்யும், சிதைக்கவும் செய்யும். நம் ஊர் வெயிலில் அரை மணி நேரமே அதிகம்.

காசிமேட்டில் முகாம் போட்டால் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீனுக்கு உடைக்கும் ஐஸையே வாங்கித் தெர்மாக்கோல் பெட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் டியூப்கள் ஜிப் பையில் நீர் புகாமல் இருக்க வேண்டும், அந்தப் பெட்டியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து ராயபுரம் வருவதற்குள் பொழுதே போய்விடும். பயண நேரத்தை இரண்டு மடங்காகப் போட்டு ஐஸ் வாங்குங்கள்.

லேபுக்கு வந்ததும் எச்சிலைக் குளிர்ந்த சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த பகுதியை மட்டும் எடுங்கள். சுழற்றாமல் உறையவைத்தால் செல்கள் வெடித்து உள்ளிருக்கும் நொதி வெளியே கலந்துவிடும். தெளிந்ததைச் சின்னச் சின்ன டியூப்களாகப் பிரித்து வையுங்கள். ஒரே டியூபைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பீர்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருந்தால் அதில். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் தானாகவே சூடாகிப் பனியை உருக்கும் வகையாக இருந்தால் அதில் வைக்கவே வேண்டாம். கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுத ஃப்ரீசர் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்.

7. பட்டையிலிருந்து நொதியை வெளியே எடுப்பது

டியூபில் 100 மைக்ரோலிட்டர் சலைன் விட்டு, ஐஸில் அரை மணி நேரம், நடுநடுவே மெதுவாக ஆட்டி ஊறவையுங்கள். பிறகு சுழற்றி, நீரை எடுங்கள்.

எவ்வளவு நொதி காகிதத்திலேயே ஒட்டிக்கொண்டது என்று ஒரு முறையாவது சோதித்துப் பாருங்கள். அளவு தெரிந்த கன்ட்ரோல் சீரம் ஒரு மைக்ரோலிட்டரைப் பட்டையில் வைத்து ஊறவையுங்கள். அதே ஒரு மைக்ரோலிட்டரை நேராக 100 மைக்ரோலிட்டர் சலைனில் விடுங்கள். இரண்டையும் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். காகிதம் வேறு பெட்டியிலிருந்து வந்தால் மறுபடி சோதியுங்கள்.

8. அளப்பது

எச்சிலுக்குச் செமி ஆட்டோ அனலைசர் போதும். பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் உள்ள கிட் (நொதி அதை வெட்டினால் மஞ்சள் நிற பாரா-நைட்ரோஃபீனால் வரும்), 405 நானோமீட்டர் ஒளி, 37 டிகிரி. ரீஏஜென்டை, அதாவது கிட்டின் வினைக் கரைசலை, முதலில் 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு சாம்பிளைச் சேர்த்தால் முதல் நிமிடம் முழுக்க வினை மெதுவாகவே நடக்கும், எண் குறையும். ரீஏஜென்ட் ஏற்கெனவே மஞ்சளாகத் தெரிந்தால் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு நாளும் முதலில் கன்ட்ரோல் சீரம். அது வரம்புக்குள் வந்தால்தான் நோயாளியின் சாம்பிள்.

கிட்டுகள் ரத்த சீரத்துக்காகச் செய்யப்பட்டவை. எச்சிலில் நொதி குறைவு என்பதால் 20 மைக்ரோலிட்டருக்குப் பதில் 50 மைக்ரோலிட்டர் போட வேண்டிவரும். போடலாம். ஆனால் மெஷினில் உள்ள ஃபேக்டரையும் (நிற மாற்றத்தை யூனிட்டாக்கும் பெருக்கு எண்) மாற்ற வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரீஏஜென்ட், 20 மைக்ரோலிட்டர் சாம்பிள் என்றால் ஃபேக்டர் 2713. சாம்பிள் 50 ஆனால் 1117. நிமிடத்துக்கு நிற அளவில் 0.018 மாற்றம் வந்தது என்று வையுங்கள்: சரியான விடை லிட்டருக்கு 20.1 யூனிட். பழைய ஃபேக்டரை மாற்றாமல் விட்டால் மெஷின் 48.8 என்று அச்சடித்துக் கொடுக்கும். தாளில் அச்சாகி வந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இடுக்கு நீருக்கு இந்த மெஷின் பற்றாது. மாற்றம் அவ்வளவு சின்னது. 96 குழித் தட்டில் நீண்ட நேரம் வினை நடக்க விடுங்கள்: 50 மைக்ரோலிட்டர் ஊறல் நீர், 150 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட், 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு 50 மைக்ரோலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு வினையை நிறுத்தி 405-இல் படியுங்கள். தட்டில் ஒளி போகும் தூரம் ஒரு சென்டிமீட்டர் கிடையாது. அதனால் ஃபேக்டர் கணக்கு இங்கே செல்லாது. அதே தட்டிலேயே பாரா-நைட்ரோஃபீனால் 0, 2.5, 5, 10, 20 நானோமோல் வைத்து ஒரு கோடு வரைந்து, அதிலிருந்து வாசியுங்கள்.

நீர் போதுமானால் ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு குழியில் போடுங்கள். சாம்பிள் இல்லாத ரீஏஜென்ட் ஒன்று, வாயில் வைக்காத வெறும் பட்டையின் ஊறல் நீர் ஒன்று, இரண்டு பிளாங்கும் (சாம்பிள் இல்லாத ஒப்பீட்டுக் குழி) வேண்டும். இரண்டாவதைப் பலர் மறக்கிறார்கள். காகிதத் துகள் மிதந்தால்கூட மெஷின் அதை நிறமாகப் படிக்கும். கடைசியாக, ஒரு சாம்பிளை 10, 20, 50 மைக்ரோலிட்டர் என்று போட்டுப் பாருங்கள். மைக்ரோலிட்டர் கூடும் விகிதத்திலேயே நிறமும் கூட வேண்டும். கூடவில்லை என்றால் ஏதோ ஒன்று வினையைத் தடுக்கிறது. முதலில் பஃபரைச் சந்தேகப்படுங்கள்.

9. கணக்கு: மொத்தமா, அடர்த்தியா

ஒரு குழியில் 30 நிமிடத்தில் 12 நானோமோல் உருவானது என்றால் நிமிடத்துக்கு 0.4 நானோமோல், அதாவது 0.4 மில்லியூனிட். குழியில் போட்டது 50, ஊறவைத்தது 100. ஆக பட்டையில் இருந்த மொத்தம் 0.8 மில்லியூனிட்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். அந்தப் பட்டையில் இருந்த நீர் 0.8 மைக்ரோலிட்டர் என்று வைப்போம். அடர்த்தி லிட்டருக்கு 1000 யூனிட். சிகிச்சைக்குப் பிறகு அதே இடத்தில் நீர் 0.2 மைக்ரோலிட்டர், மொத்த நொதி 0.4 மில்லியூனிட். மொத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. அடர்த்தியைப் போட்டால்? லிட்டருக்கு 2000. இரண்டு மடங்கு கூடிவிட்டது! ஈறு ஆறியிருக்கிறது, நீர் வற்றியிருக்கிறது, அடர்த்தி மட்டும் நோய் முற்றியதுபோலச் சொல்கிறது.

அதனால் இடுக்கு நீருக்கு ‘30 விநாடிப் பட்டைக்கு இவ்வளவு மில்லியூனிட்’ என்ற மொத்தக் கணக்கையே முதன்மையாக வையுங்கள். நீர் அளவைப் பக்கத்தில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள், அதுவும் அழற்சியின் அடையாளம்தான். நீர் அளவை அளப்பதில் வரும் சின்னப் பிழையும் வகுக்கும்போது பெரிதாகிவிடும். எச்சிலுக்கும் லிட்டருக்கு எவ்வளவு என்பதோடு, சுரக்கும் வேகத்தால் பெருக்கி நிமிடத்துக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

10. முடிவைப் படிப்பது

ரத்த சீரத்துக்குப் போட்டிருக்கும் வரம்பை எச்சிலுக்கு வைத்து ‘நார்மல்’ என்று எழுதாதீர்கள். திரவம் வேறு. இங்கே ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

சிகிச்சைக்கு முன் வெவ்வேறு நாளில் இரண்டு முறை எடுங்கள். எதுவும் செய்யாமலே அந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். பிறகு வரும் மாற்றம் அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் மாற்றம் என்று சொல்லலாம். இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் வெறும் ஏற்ற இறக்கத்தைக் குணமென்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

காரை எடுத்து வேரைச் சுத்தம் செய்த மறுவாரமே எடுக்காதீர்கள். புண் ஆறும்போதும் எலும்பு ஒட்டும்போதும் இந்த நொதி கூடும். ஆறு வாரம் கழித்து ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. அதே இடங்கள், அதே நேரம், முடிந்தால் அதே கை.

நொதியும் புரோப்பும் முரண்பட்டால்? நொதி குறைந்து, ஆழம் மட்டும் அப்படியே இருந்தால் அழற்சி அடங்கியிருக்கிறது, பழைய சேதம் மீதி இருக்கிறது என்று பொருள். ஆழம் குறைந்து நொதி ஏறினால் சாம்பிளை முதலில் சந்தேகப்படுங்கள்: ரத்தம், பற்படலம், ஃபேக்டர். எல்லாம் சரி என்றால் அந்த இடத்தைச் சீக்கிரமே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிலையிலும் எண்ணை மட்டும் பார்த்து சிகிச்சையை நிறுத்தவோ தொடங்கவோ லேபிலிருந்து சொல்லக் கூடாது. அது பல் மருத்துவரின் முடிவு.

11. மேசையைத் துடைப்பதற்கு முன்

எச்சிலில் ஹெபடைடிஸ் பி, காசநோய் கிருமி எதுவும் இருக்கலாம். கையுறை, மாஸ்க் இல்லாமல் டியூபைத் திறக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி பஞ்சு ரோலும் பட்டையும் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் டியூபும் பிப்பெட் முனையும் சிவப்புப் பையில். சோடியம் ஹைட்ராக்சைடு தெறித்தால் கண் போய்விடும், கண்ணாடி போடுங்கள்.

பதிவேட்டில் நோயாளியின் பெயருக்குப் பதில் எண். அதோடு எழுந்த நேரம், கடைசியாகத் தண்ணீர் குடித்த நேரம், எச்சில் எடை, தூக்கிப் போட்ட பட்டைகளின் எண்ணிக்கை. தூக்கிப் போட்டதை எழுதுவது முக்கியம். ஒரே இடத்தில் மூன்று வருகையும் ரத்தப் பட்டையே வந்தது என்றால் அந்த இடம் எவ்வளவு மோசம் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த மீன் வெட்டும் அக்கா ஆறாவது வாரம் வந்தபோது ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார். ஐந்து இடங்களில் நான்கில் மொத்த நொதி இறங்கியிருந்தது. கீழ் இடது கடைவாய்ப் பல்லின் பின் ஓரத்தில் மட்டும் அசையவில்லை, பாக்கெட்டும் 6 மில்லிமீட்டரிலேயே நின்றது. “எல்லாம் கொறைஞ்சிடுச்சா?” என்றார். “நாலு இடம் கொறைஞ்சிருக்குக்கா. இந்த ஒண்ணு மட்டும் அடம் பிடிக்குது, டாக்டர் பார்த்துச் சொல்வாங்க” என்று அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்து உள்ளே அனுப்பினேன். அடுத்த தேதியை மூன்றாம் மாதத்துக்கு, அவர் வேலை முடிந்து வரும் அதே பதினோரு மணிக்குக் குறித்தேன்.